இரக்கம் போதாது

நோயைப் பற்றி எழுதுவது எளிது. நோய் வந்த வழியைப் பற்றி எழுதுவதே அரிது. திருநங்கையரைப் பற்றிய தமிழ் எழுத்துகளை மதிப்பிட நாம் கொள்ளும் உரைகல் இதுவே.

1990களில் வந்த சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' துணிவான முயற்சி. தன்னைப் பெண்ணாக உணரும் சுயம்பு என்னும் மாணவனை நடுநாயகமாக்கி, அதுவரை கேலிப்பொருளாக இருந்தோருக்கு நாவலில் இடம் தந்தது. அப்பெருமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் படித்து முடிக்கையில் நம் நெஞ்சில் மிஞ்சுவது பெரும்பாலும் இரக்கமே. இரக்கம், காட்டுபவரை உயர்த்தும். பெறுபவரை இருந்த இடத்திலேயே விட்டுவிடும்.

வாழ்ந்தவர்களே எழுதப் புகுந்தபோது நிலை மாறிற்று. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா' 2007இலும், ரேவதியின் 'வெள்ளை மொழி' 2011இலும் வெளிவந்தன. மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற வித்யா, இரயிலில் கையேந்த நேர்ந்தது. ரேவதியின் நூலிலோ வீட்டில் அடி, ஊரில் ஏளனம், காவலரின் கொடுமை, பிழைப்புக்குப் பாலியல் தொழில் என்று துன்பங்கள் சங்கிலியாய்த் தொடர்கின்றன. இவற்றுள் எதுவும் விதி அன்று. ஒவ்வொன்றும் மனிதர் செய்தது.

அச்சங்கிலியின் கடைசிக் கண்ணியே எச்.ஐ.வி. 15 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான மருத்துவக் கட்டுரை, திருநங்கையரில் 19.1 விழுக்காட்டினரிடம் இக்கிருமி இருந்ததெனக் கணக்கிட்டது. இது உடலின் சாபமா? இருட்டுத் தெருவில் பொலிஸுக்கு அஞ்சி நிற்பவர், வருகிறவனிடம் ஆணுறை வேண்டுமென்று எவ்வாறு வாதாடுவார்? வீடிழந்த துயரில் மதுவை நாடியவருக்கு உடலைக் காக்கும் எண்ணம் எங்கிருந்து வரும்? மருத்துவமனை வரிசையில் ஆண்பெயரைக் கூவி அழைக்க, சுற்றியிருப்போர் நகைத்தால், மறுமுறை மருந்துக்கு வருவாரா? மருந்தைத் தவறாது உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் வழி அது பிறருக்குத் தொற்றாது என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. அறிவியல் கதவைத் திறந்துவிட்டது. ஏளனம் வாசலை மறித்து நிற்கிறது.

இந்நூல்கள் தமிழகத்தைப் பற்றியவை; நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் நமக்கென்ன என்று கேட்கலாம். இங்கே ஆற்றை மறித்து நாட்டுக்கு மின்னொளி தந்தார்கள். லயங்களோ நெடுங்காலம் குப்பி விளக்கில் கிடந்தன. குடும்பம் முழுவதும் ஒரே காம்பராவில் முடங்கும் லயத்தில், தன்னை வேறாக உணரும் பிள்ளைக்கு அழுவதற்கும் மறைவிடம் இல்லை. கொழும்புக்கு ஓடினால் அங்கே காத்திருப்பது என்ன? ஆங்கிலேயர் 1841இல் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இந்நாட்டுத் திருநங்கையர் மீதும் ஏவப்பட்டது. 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு வழி செய்தது. அது நல்ல தொடக்கம். ஆனால் சான்றிதழ் மட்டும் சோறு போடாது.

கொழுந்து பறிக்கும் கைகளை இலக்கியமாக்கிய மலையகம், தன் லயத்திலிருந்தே துரத்தப்படும் இப்பிள்ளையையும் எழுத வேண்டும். கண்ணீரை மட்டுமன்று, துரத்திய கைகளையும் காட்டி எழுத வேண்டும். ஆசிரிய நண்பர்களின் கடமை அதற்கும் முந்தியது. வகுப்பறையில் எழும் முதல் ஏளனச் சிரிப்பை அடக்குபவர், அச்சங்கிலியின் முதல் கண்ணியையே அறுத்தவராவார்.