வழிக்கதையில் தேடுவது காதலா, சமுதாயமா?

முதல்நூலை அடியொற்றி வருவதை வழிநூல் என்றனர் நம் இலக்கண ஆசிரியர்கள். முன்னோர் படைத்த மாந்தரை மீண்டும் நடமாடவிட்டு, அவர்தம் கதையைப் புதிதாகச் சொல்லும் வழிக்கதைகள் எல்லா மொழிகளிலும் உண்டு. அவற்றைப் படிப்போர் இரு திறத்தார். அன்புகொண்ட நெஞ்சங்கள் கூடினவா என்று பார்ப்பவர் ஒரு சாரார். ஆசிரியர் சமுதாயத்துக்கு என்ன சொன்னார் என்று தேடுபவர் மறுசாரார். இவ்விரு பார்வைகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை ஜொகூர் மண் தந்த கவிஞர் ஒருவரின் படைப்பு உணர்த்துகிறது.

உஸ்மான் அவாங் 1929-இல் கோத்தா திங்கி வட்டாரத்துக் கடலோரச் சிற்றூரான கோலா சிடிலியில் பிறந்தவர். 1961-இல் அவர் எழுதிய நாடகத்தின் பெயருக்கு 'ஒரு வீரனின் மரணம்' என்பது பொருள். 'ஹிக்காயாட் ஹங் துவா' என்னும் மலாய்ப் பழங்கதையே அதன் மூலம்.

மலாக்காச் சுல்தானின் பெருவீரன் ஹங் துவா. பொய்ப்பழி கேட்டுச் சுல்தான் அவனுக்குக் கொலைத் தண்டனை விதிக்கிறார். அமைச்சரோ அவனை மறைவாகக் காக்கிறார். நண்பன் மாண்டான் என்றெண்ணிய ஹங் ஜெபாட் அரசரையே எதிர்க்கிறான். பின்னர் மன்னிக்கப்பட்டுத் திரும்பிய துவா, அரச கட்டளையை ஏற்று ஜெபாட்டைக் கொல்கிறான். பழங்கதையில் துவா தலைவன். ஜெபாட் அரச துரோகி. உஸ்மானின் நாடகத்திலோ ஜெபாட்டே வீரன். 1959-இல் காசிம் அகமட் தம் பல்கலைக்கழக ஆய்வேட்டில் இக்கதை மாந்தரை ஆராய்ந்து, ஜெபாட்டின் பக்கம் நின்று வாதிட்டிருந்தார். 1957-இல் விடுதலை பெற்ற நாட்டில், 'அநீதி இழைக்கும் அரசுக்கும் பணிவது அறமா?' என்னும் வினா எழுந்தது இயல்பே.

எனினும் இந்நாடகத்தை அரசியல் வாதமாக மட்டும் படிப்பவர் அதன் உயிரை இழந்துவிடுவர். ஜெபாட்டை எழுப்பியது கொள்கையன்று, நட்பு. அந்த அன்பை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் முழக்கமே.

மறுபுறம், காதலைத் தேடிப் படிப்பவரும் ஊன்றிப் படித்தால் சமுதாயத்திடமே வந்து சேர்வர். மூலக்கதையில் துன் தேஜா என்னும் பெண் சுல்தானை மணக்க மறுத்தவள். துவா அவளை மருந்தால் மயக்கித் தன்மேல் காதல் கொள்ளச் செய்து, மரக்கலத்தில் கொண்டுவந்து சுல்தானிடம் ஒப்படைக்கிறான். இதைக் காதற்கதை என்றே கொள்வோம். அக்காதலுக்காக இரங்கும் வாசகர், 'அவள் மனத்தை யார் கேட்டார்?' என்று வினவாமல் இருக்க முடியுமா? அவ்வினா அரசரையும் அவர் ஏவலரையும் நோக்கியதே.

தமிழிலும் இதற்குச் சான்றுண்டு. 1943-இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' அகலிகையும் கோதமரும் மீண்டும் தொடங்கும் இல்வாழ்வைச் சொல்கிறது. கணவர் அன்பிருந்தும் ஊரார் பார்வை அவளைச் சுடுகிறது. சீதை தீக்குளித்ததை அறிந்து அவள் மறுபடியும் கல்லாகிறாள். அந்த இல்லறத்தின் மென்மையை உணராதவருக்கு முடிவின் கண்டனம் உறைக்காது. கண்டனத்தை உணராதவருக்கு அம்முடிவே விளங்காது.

உஸ்மான் தாமே படைத்த 'ஊடா டான் டாரா' 1972-இல் இசை நாடகமாக வந்தது. ஏழை இளைஞன் ஊடா, டாராவை விரும்புகிறான். வறுமையும் ஊர்ச் செல்வனின் ஆதிக்கமும் அவர்களைப் பிரிக்கின்றன. காதல் கதையாகவே தொடங்குவது, நிலம் யாருக்கு என்ற வினாவில் போய் நிற்கிறது.

ஆகவே, காதலுக்காகப் படிப்பவரை எள்ளுதல் முறையன்று. அவர் வாயிலில் நிற்பவர். வாயிலோடு திரும்பிவிடுவதே குறை. சமுதாயக் கருத்தைத் தேடுவோர் அவ்வாயில் வழியே நுழையாமல் சுவரேறிக் குதிப்பதும் குறையே. பழைய மாந்தரிடம் கொண்ட அன்பினால்தான் வழிக்கதை பிறக்கிறது. அவர்களுக்கு நேர்ந்த அநீதியைப் பொறுக்க மாட்டாத அன்பே அதனை இலக்கியமாக உயர்த்துகிறது.