மலருக்கு முப்பது, அமைப்புக்கு முப்பது: ரோஜா அலங்காரப் போட்டிகளின் மதிப்பீட்டு முறை

ரோஜாக் கண்காட்சி என்ற பெயரில் ஒரே கூரையின் கீழ் நடைபெறுவன உண்மையில் இருவேறு போட்டிகளாகும். முதலாவது, ஒற்றைத் தண்டில் நிற்கும் ஒரு மலரை அதை வளர்த்தவரின் திறனுக்குச் சான்றாகக் கொண்டு மதிப்பிடுவது; இரண்டாவது, மலர்களோடு இலை, கிளை, கலம் ஆகியவற்றையும் இணைத்து உருவாக்கிய அமைப்பை ஒரு கலைப்படைப்பாகக் கொண்டு மதிப்பிடுவது. முதல் போட்டியில் நடுவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் இல்லை. 1892இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ரோஜாச் சங்கம் அதற்கென வகுத்துள்ள அளவுகோல், மலரின் வடிவத்திற்கு 25, நிறத்திற்கு 20, தண்டுக்கும் இலைக்கும் 20, இதழ்களின் உறுதிக்கு 15, சமநிலைக்கும் விகிதத்திற்கும் 10, அளவுக்கு 10 என்று நூறு மதிப்பெண்களைப் பிரித்துத் தருகிறது. இவற்றுள் ஏறத்தாழ ஒவ்வொன்றையும் கண்ணால் கண்டு விரலால் சுட்டிக்காட்டிவிட முடியும். அலங்காரப் பிரிவில் அந்த வசதி இல்லை. ஆயினும் அங்கும் நூறு மதிப்பெண் அளவுகோலே பின்பற்றப்படுகிறது என்பதிலிருந்துதான் இம்முறையின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தொடங்குகின்றன.

இந்த மரபு வளர்ப்பவர்களின் கையில் பிறந்தது. இங்கிலாந்தில் சாமுவேல் ரெனால்ட்ஸ் ஹோல் என்னும் பாதிரியார் 1858இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் மண்டபத்தில் முதல் தேசிய ரோஜாக் கண்காட்சியை நடத்தினார். 1876இல் தேசிய ரோஜாச் சங்கமும் அவர் தலைமையில் உருவாயிற்று. விக்டோரியா காலத்துக் கண்காட்சிகளில் மலர்கள் தண்டின் அழகு தெரியும்படி வைக்கப்படவில்லை; தட்டையான மரப்பெட்டிகளில் வரிசை வரிசையாகத் தலை மட்டும் தெரியுமாறு அடுக்கப்பட்டன. அலங்காரம் தனிக் கலையாகப் போட்டிக்குள் நுழைந்து வலுப்பெற்றது பின்னரே. எனவே அலங்காரத்திற்கான விதிகளை எழுதியவர்கள், மலரின் குறையற்ற தன்மையே கண்காட்சியின் உயிர் என்று ஏற்கெனவே பழகியிருந்த ஓர் உலகத்திற்குள்ளிருந்து எழுதினார்கள்.

அதன் தடம் மதிப்பெண் பங்கீட்டிலேயே தெரிகிறது. அமெரிக்க ரோஜாச் சங்கத்தின் அலங்கார அளவுகோலில், வடிவமைப்பின் ஆறு கோட்பாடுகளுக்கும் சேர்த்து 30 மதிப்பெண். பயன்படுத்திய ரோஜாக்களின் செம்மைக்கு மட்டும் தனியே 30 மதிப்பெண். போட்டி விதிகளுக்கு இணங்கியிருத்தல், படைப்பாற்றலும் உணர்த்தும் திறனும், தனித்துவம் ஆகியன எஞ்சிய 40ஐப் பகிர்ந்துகொள்கின்றன. பொதுவான மலர் அலங்காரப் போட்டியில் மலரின் நலம் என்பது அமைப்பை உருவாக்கும் பொருளின் தரமாகக் கருதப்பட்டு ஓரமாக நிற்க, இங்கோ அது அமைப்பின் கலைக்கு நிகரான இடத்தைப் பெறுகிறது. பிற மலர்களும் இலைகளும் இடம்பெறலாம். ஆனால் ரோஜாவே ஓங்கி நிற்க வேண்டும், அதன் வகைப் பெயரும் அட்டையில் குறிக்கப்பட வேண்டும்.

இந்தப் பங்கீட்டைக் குறை கூறுவது எளிது; நியாயமாகப் பார்த்தால் அதற்கு ஒரு நேர்மை உண்டு. கண்காட்சியை நடத்துவது ரோஜா வளர்ப்போரின் சங்கம். வாடிய இதழும் கரும்புள்ளி நோய் தாக்கிய இலையும் கொண்ட ஓர் அமைப்புக்கு, அது எத்துணை நயமாக இருப்பினும், முதற்பரிசு தந்தால் சங்கம் தன் நோக்கத்தையே மறந்ததாகும். மேலும் இந்த 30 மதிப்பெண்ணே புதிதாகப் போட்டிக்கு வருவோருக்கு அளவுகோலின் மிகத் தெளிவான பகுதி: எந்த மலரைக் கழிக்க வேண்டும், எந்த இலையைத் துடைக்க வேண்டும் என்பதை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். சிக்கல், செம்மை என்பதற்கு நடுவரின் மனத்தில் இருக்கும் உருவம் எது என்பதில்தான் எழுகிறது. ஒற்றை மலர்ப் போட்டிகளில் கோலோச்சுவது ஹைபிரிட் டீ வகை, அதாவது நீண்ட தண்டில் ஒரு மலராக, நடுப்பகுதி உயர்ந்து, பாதியோ முக்கால் பங்கோ விரிந்த நிலையில் உச்ச அழகைக் காட்டும் நவீன ரோஜா. அலங்காரத்தில் மொட்டும் முழுவதும் விரிந்த மலரும் தாராளமாக ஏற்கப்படும் என்று விதி சொன்னாலும், காலை முழுவதும் உயர்ந்த நடுப்பகுதியைத் தேடிப் பழகிய கண், இதழ்கள் நெருங்கித் தலை சாய்ந்து நிற்கும் பழைய தோட்ட ரோஜாவைக் காணும்போது அதைக் குறையாக எண்ணும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை என்னும் ஆங்கிலேயப் பெண்மணி (1886-1960) அத்தகைய பழைய ரோஜாக்களைத் தேடிச் சேகரித்தவர். காய்கறித் தோட்டத்துக் கேல் கீரையையும் வேலியோரச் செடிகளையும் மலர்களோடு சேர்த்து இங்கிலாந்தின் அலங்கார ரசனையையே மாற்றியவர். அவர் செய்த ஒரு சாடியை இந்த அளவுகோலின் முன் வைத்தால், படைப்பாற்றலில் அள்ளும் மதிப்பெண்ணைச் செம்மையில் இழக்கக்கூடும்.

மதிப்பெண் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் நெருங்கிப் பார்க்கலாம். உயரமான சாடியொன்றில் மேல்நோக்கி எழும் ஒரு கோட்டில் ஐந்து ரோஜாக்கள்: உச்சியில் மொட்டு, இடையில் பாதி விரிந்தவை, கலத்தின் விளிம்பருகே முழுதாக விரிந்த பெரிய மலர். அந்தப் பெரிய மலரின் வெளி இதழ் ஒன்றின் ஓரம் பழுப்பேறியிருக்கிறது. அது செம்மையில் ஒன்றிரண்டு மதிப்பெண்ணைக் குறைக்கும், அத்தோடு முடியும். இனி இதழில் குறையே இல்லை, ஆனால் அதே மலர் சற்று வலப்புறம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். பார்வைக்கு எடை ஒரு பக்கம் சாய்வதால் சமநிலையில் குறையும். மேலிருந்து இறங்கி வரும் கண்ணின் ஓட்டம் அறுபடுவதால் லயத்தில் குறையும். கண் வந்து தங்க வேண்டிய இடம் தளர்வதால் முதன்மையிலும் குறையும். தவறு ஒன்று, தண்டனை மூன்று. சமநிலை, முதன்மை, முரண், லயம், விகிதம், அளவொப்பு என்னும் ஆறு கோட்பாடுகளும் கற்பிப்பதற்குத் தனித்தனியே பிரிக்கத்தக்கவை. ஆனால் ஒரு படைப்புக்குள் அவை தனித்தனியே வாழ்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஐந்தைந்து மதிப்பெண் என்று பங்கிடும்போது, ஒன்றோடொன்று பிணைந்தவற்றைப் பிணைப்பில்லாதவையாகக் கொண்டு கணக்கிடும் பிழை நேர்கிறது. அனுபவமுள்ள நடுவர் இதை அறிந்து, மிகப் பொருத்தமான கோட்பாட்டின் கீழ் மட்டும் ஒருமுறை குறைப்பார். அனுபவம் குறைந்தவர் மூன்று இடத்திலும் குறைப்பார். ஒரே சாடி இரு குழுக்களிடம் இரு வேறு எண்ணைப் பெறுவதற்கு ரசனை வேறுபாடு மட்டும் காரணமன்று.

கோட்பாடுகளுக்குத் துணையாக வந்த சூத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமைப்பின் உயரம் கலத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பதும், ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1753இல் அழகின் கோடு என்று வாதிட்ட வளைகோட்டைப் பின்பற்றுவதும் தொடக்கநிலையில் கைகொடுக்கும் ஊன்றுகோல்கள். நடுவர் அவற்றை அளவுநாடாவாக எடுத்துக்கொள்ளாதவரை தீங்கில்லை.

ஜப்பானிய மரபைத் தழுவிய பிரிவு வேறு வகையான கேள்வியை எழுப்புகிறது. தாழ்ந்த அகன்ற தட்டில் கென்சான் எனப்படும் ஊசித்தட்டின் மேல் தண்டுகளை நிறுத்தும் மொரிபானா, உயர்ந்த குவளையில் சாய்த்து நிறுத்தும் நாகெய்ரே ஆகிய பாணிகள் ரோஜாக் கண்காட்சிகளில் இடம்பெறுகின்றன. மொரிபானாவே ஒஹாரா பள்ளியை நிறுவிய ஒஹாரா உன்ஷின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மேலைநாட்டு மலர்களுக்கும் இடம் தரும் வகையில் உருவாக்கிய பாணியாதலால், அதில் ரோஜா வைப்பது மரபுமீறல் ஆகாது. ஆனால் ஜப்பானிய மலர் அலங்காரக் கலையான இகெபானாவில் வெற்றிடமும் கிளையின் கோடும் மலருக்கு இணையானவை. சில வேளை மேலானவை. மலரே ஓங்க வேண்டும் என்ற விதியையும் 30 மதிப்பெண் செம்மையையும் அதன் மேல் ஏற்றும்போது, வெளித்தோற்றத்தில் இகெபானாவாகவும் உள்ளே மேலைநாட்டு அலங்காரமாகவும் உள்ள ஒரு கலப்பினமே பரிசு பெறுகிறது. அதை ஜப்பானியக் கலை என்று அழைப்பதைவிட, அதன் சாயல் கொண்ட ரோஜாக் கலை என்று கொள்வதே பொருந்தும்.

நடுவர் அரங்கிற்குள் வருமுன்பே தீர்ப்பின் பெரும்பகுதி எழுதப்பட்டுவிடுகிறது என்பது பலரும் கவனிக்காத செய்தி. எந்தப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் என்ன தலைப்பு, எவ்வளவு இடம், எந்தப் பொருளுக்குத் தடை என்பவற்றை வகுக்கும் போட்டி விதிப்பட்டியலைத் தயாரிப்பவரே முதல் நடுவர். 1959இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய மலர் அலங்காரச் சங்கத்தின் மரபில், பட்டியலுக்கு இணங்காத படைப்பு அந்தக் குறிப்போடு போட்டியிலிருந்தே விலக்கப்படும். 10 சென்டிமீட்டருக்குள் அமைய வேண்டிய நுண்ணிய அலங்காரம் ஒரு புல்நுனி அளவு மீறினாலும் அதே கதிதான். கடுமையாகத் தோன்றினாலும் இது நியாயமான கடுமை, ஏனெனில் அளவு எல்லோருக்கும் ஒன்று. நியாயம் தளர்வது தலைப்பில்தான். ‘புயல்’ என்றோ ‘விடியல்’ என்றோ தலைப்புக் கொடுத்துவிட்டு, படைப்பு அதை உணர்த்துகிறதா என்று மதிப்பெண் இடும்போது, நடுவரின் கற்பனைக்குள் உள்ள புயலோடு கலைஞரின் புயல் ஒத்துப்போக வேண்டியதாகிறது. சிவப்பு ரோஜாவும் முறுக்கிய கிளையும் என்ற தேய்ந்த விடைகள் திரும்பத் திரும்ப வெல்வது இதனால்தான்.

அளவுகோலில் இல்லாதவையும் பேசத்தக்கவை. ரோஜாவை உலகம் நேசித்ததற்கு முதற்காரணமான மணத்திற்கு, ஒற்றை மலர் அளவுகோலிலும் அலங்கார அளவுகோலிலும் ஒரு மதிப்பெண்கூட இல்லை. மணமுள்ள ரோஜாவுக்கென்று தனிப் பிரிவு வைத்துச் சில கண்காட்சிகள் ஈடுசெய்கின்றன. காலமும் கணக்கில் இல்லை: நடுவர் காலையில் காணும் மொட்டு, பொதுமக்கள் நண்பகலில் காணும்போது மலராகிவிடும். அமைப்பு எவ்வாறு நிறுத்தப்பட்டது என்பதும் அண்மைக்காலம் வரை, தாங்கும் பொருள் வெளியே தெரியக் கூடாது என்ற அளவிலேயே கவனிக்கப்பட்டது. 1950களில் பரவத் தொடங்கிய, மக்காத செயற்கைப் பஞ்சுக் கட்டியை பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் தன் கண்காட்சிகளில் 2021 முதல் தடைசெய்ததும், மறைந்திருந்த பொருளும் மதிப்பீட்டுக்கு உரியதாயிற்று. விதி மாறினால் கலையும் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று. ஊசித்தட்டும் கம்பிவலையும் மீண்டும் மேசைக்கு வந்துள்ளன.

இவ்வளவு குறையிருந்தும் மதிப்பெண் முறையைக் கைவிட வேண்டும் என்று வாதிடுவது பொருந்தாது. படைத்தவரின் பெயர் அட்டையின் மடிப்பில் மறைந்திருக்க, ஒற்றைப்படை எண்ணிக்கையிலான நடுவர்கள் கூடிப் பேசி, பொது அளவுகோலுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பது, செல்வாக்கும் நட்பும் பரிசைத் தீர்மானிப்பதைத் தடுக்கும் வலுவான வேலி. 1929இல் உருவான அமெரிக்கத் தேசியத் தோட்டக் கழகங்களின் முறையில், முதற்பரிசான நீல நாடாவுக்கு 90 மதிப்பெண்ணுக்குக் குறையக் கூடாது. போட்டியில் வந்தவற்றுள் சிறந்தது என்பதற்காக மட்டும் எதற்கும் அது கிடைக்காது. தகுதியற்றதைத் தள்ளுவதில் இம்முறை ஏறத்தாழப் பிழையின்றி இயங்குகிறது. அது தடுமாறுவது உச்சியில், 92க்கும் 94க்கும் இடையில். அங்கே தீர்ப்பளிப்பது தனித்துவம் என்ற சிறு பங்கு. அதற்கு வரையறை இல்லை. நடைமுறையில் நடுவர்கள் முதல் பார்வையிலேயே வெற்றியாளரைக் கண்டுகொண்டு, எண்களைப் பின்னர் அதற்கேற்பப் பொருத்துவதும் உண்டு. அது ஏமாற்று அன்று; பழகிய கண் எண்ணைவிட விரைவாகப் பார்க்கிறது. ஏமாற்றம் எங்கே வருகிறதென்றால், அந்தக் கண் கண்டது என்ன என்பது சொல்லப்படாமல், வெறும் நாடா மட்டும் சாடியருகே தொங்கும்போதுதான்.

ஆகவே கண்காட்சி நடத்தும் சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று: ஒரு குறைக்கு ஒரு கோட்பாட்டின் கீழ் மட்டுமே மதிப்பெண் குறைக்க வேண்டும் என்பதை நடுவர் பயிற்சியில் கட்டாயமாக்குவது; ஜப்பானியப் பாணிப் பிரிவுக்குச் செம்மையின் பங்கைக் குறைத்துக் கோட்டிற்கும் வெற்றிடத்திற்கும் தனி அளவுகோல் வகுப்பது; முதல் மூன்று இடங்களுக்கேனும் நடுவர் குழு தன் காரணத்தை இரண்டு வரியில் எழுதி, பொதுமக்கள் படிக்கும்படி அட்டையில் வைப்பது. மூன்றாவதற்குச் செலவு ஒரு பேனாவும் பத்து நிமிடமும்தான். சில சங்கங்கள் இதை ஏற்கெனவே செய்கின்றன, மற்றவையும் செய்யலாம்.