அடித்தந்தியில் ஆள் தெரியும்

ஜொகூர் பாருவின் கல்யாண மண்டபங்களிலும் கலை இரவுகளிலும் எல்லாரும் பாடகரைப் பார்ப்பார்கள். என் கண் பேஸ் கிதார்காரரின் விரல்களில். நான்கே தந்திகள். தடித்த தந்தியை வெறுமனே மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். காதைவிட நெஞ்சுக்கு முதலில் எட்டும்.

இளையராஜா பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே ஓடும். அவற்றை மேடையில் வாசிப்பவர்கள் எல்லாருக்கும் சுரங்கள் ஒன்றுதான். ஆனால் ஒருவர் டிரம்ஸ் அடிக்கு மயிரிழை பிந்தி விழுவார்; பாட்டு சாவகாசமாக நடக்கும். இன்னொருவர் உள்ளங்கையால் தந்தியை அமுக்கிச் சுரத்தைச் சட்டென்று நறுக்குவார். மூன்றாமவரோ பல்லவிக்குத் திரும்பும்போதெல்லாம் கீழிருந்து வழுக்கியே ஏறுவார். அந்த வழுக்கல்தான் ரஹ்மான் பாடல்களில், ஃபிரெட் (விரல்பலகைக் கம்பி) இல்லாத பேஸில், கீத் பீட்டர்ஸ் கைபட்டுக் குரலாய்க் குழைகிறது.

நேற்று வந்த பாட்டை வாசித்தாலும் சரி, திரைக்குப் பின்னால் நின்றாலும் சரி, இரண்டு வரிக்குள் ஆளைச் சொல்லிவிடலாம்.