ஓடுகிறது, சரி, அறுக்கலாமா?

பல வருடம் கொட்டகையில் கிடந்த மரம் அறுக்கும் மெஷின் ஒன்று என் மேசைக்கு வந்தபோது, அதன் ஏர் ஃபில்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. டேங்கின் அடியில் பழைய பெட்ரோல் வெல்லப்பாகு போல இறுகிக் கிடந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பாடியில் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தால் பொறி இல்லை. மேக்னெட் வீலை எடுத்துவிட்டு, அடியில் இருந்த பிளாட்டினம் பாயிண்டை உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தேன். மறுபடி மாட்டும்போது, வீலுக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி வைத்தேன். நீலப் பொறி பளிச்சென்று தெறித்தது. கார்புரேட்டருக்குப் புது டயாஃப்ரம், புது பெட்ரோல் டியூப். அன்று சாயங்காலமே மெஷின் உறுமியது. நான்காவது நிமிடம் நின்றது. கயிற்றை இழுத்தேன், அசையவில்லை.

பட்டறை அண்ணன் சைலன்சரைக் கழற்றி, புகை வரும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஐடிலிங்ல தானா ரேஸ் ஏறுச்சா தம்பி?" ஏறியது. அதை மெஷினுக்கு வந்த உற்சாகம் என்றல்லவா நினைத்திருந்தேன். "ஆயில் சீல் போயிருக்கு. காத்து உறிஞ்சிருக்கு. பிஸ்டனப் புடிச்சிருச்சு."

பழைய சின்ன எஞ்சின்களைப் புதுப்பிக்கும் பழக்கத்தில் எனக்குப் பிடித்தது, பிடிக்காதது இரண்டும் அந்த நாலு நிமிடத்தில் இருக்கிறது. இந்த மாதிரிச் சின்ன டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயவு. அந்தக் கலவை கிராங்க் இருக்கும் அறைக்குள் உறிஞ்சப்பட்டு, பிஸ்டன் கீழே இறங்கும்போது அழுத்தப்பட்டு, சிலிண்டருக்கு மேலே ஏறுகிறது. அதாவது எஞ்சினின் கீழ்ப்பாதி ஒரு பம்பு. அந்தப் பம்பைக் காற்றுப் புகாமல் மூடி வைத்திருப்பவை கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள இரண்டு ரப்பர் வளையங்கள். வருடக்கணக்கில் கிடந்தால் ரப்பர் கல்லாகிவிடும். அதன் ஓரமாகக் காற்று உள்ளே போனால், கலவையில் பெட்ரோல் குறைகிறது. பெட்ரோலோடு ஆயிலும் குறைகிறது. சூடு மட்டும் ஏறுகிறது. ஐடிலிங்கில் தானாக ரேஸ் ஏறுவது அதன் முதல் அறிகுறி. துளைகளை அடைத்து, அரை பார் அழுத்தத்தில் காற்றடித்து, முள் இறங்குகிறதா என்று பார்த்திருந்தால் போதும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே தெரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரிந்த குளவிக்கூட்டைச் சுத்தம் செய்த நான், தெரியாத சீலை விட்டுவிட்டேன். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களில் பலருக்கு இது முதல் பாடமாக வாய்க்கிறது.

பிறகு நடந்தது நல்ல பகுதி. சிலிண்டரின் குரோம் பூச்சில் பிஸ்டனின் அலுமினியம் தீற்றலாக ஒட்டியிருந்தது. அண்ணன் காஸ்டிக் சோடாக் கரைசலைப் பஞ்சில் தொட்டு, தீற்றலின் மேல் மட்டும் படும்படி வைத்தார். நுரைத்தது. துடைத்தார், மறுபடி வைத்தார். பூச்சு எங்காவது உடைந்திருந்தால் அதே கரைசல் அடியிலிருக்கும் சிலிண்டரையே தின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் நகத்தால் வருடிப் பார்த்துக்கொண்டார். பேரிங், பேரிங் கடையிலேயே கிடைத்தது. 6202 மாதிரிப் பொது எண்ணில் வருகிற பேரிங் போட்ட மெஷின்கள் அந்தக் காலத்தில் நிறைய. ஆயில் சீலும் அளவு சொன்னால் கிடைத்துவிடும். கம்பெனி மூடிப்போனால்கூட மெஷின் அநாதையாகிவிடாது என்ற இந்தக் குணம் இன்றைய சாமான்களில் அரிதாகி வருகிறது.

அந்தக் காலத்துக் கம்பெனிகளும் சாதாரணமானவை அல்ல. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் கரண்டில் ஓடும் ரம்பத்தையும், 1929இல் பெட்ரோலில் ஓடுவதையும் செய்தார். அவற்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரே ஆள் தூக்கி அறுக்கும்படி அமெரிக்காவின் மெக்கல்லோக் கம்பெனி 1949இல் கொண்டுவந்த 3-25 மாடலின் எடை 25 பவுண்டு, பதினொரு கிலோவுக்குச் சற்று மேல். அதற்குச் சற்று முன்புதான் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடையும் புழுவின் தாடை இடதும் வலதுமாகக் கடிப்பதை உற்றுப் பார்த்து அதே வடிவில் செயினுக்குப் பல் வைத்தார். இன்றைய செயின்களெல்லாம் அந்தப் பல்லின் வாரிசுகள். 1959இல் ஸ்டீல் காண்ட்ரா வந்தபோது நடுவில் இருந்த கியர் போய், எஞ்சினின் வேகம் நேராகச் செயினுக்குப் போனது. ராபர்ட் மெக்கல்லோக் 1968இல் லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து அரிசோனா பாலைவனத்தில் மறுபடி கட்டிய மனிதர். அவ்வளவு பணம் பார்த்த தொழில் அது. அவர் கம்பெனி 1999இல் திவாலாகி, பெயர் மட்டும் வேறு கைக்குப் போனது. அவர்களின் மஞ்சள் மெஷின்களை அமெரிக்காவில் இன்றும் ஆட்கள் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள்.

சேர்ப்பவர்களிடம் எனக்குள்ள முதல் குறை பெயிண்ட். என் மெஷினின் முன்கைப்பிடியில் யாரோ சைக்கிள் டியூபை வெட்டி, இறுக்கமாக, சுற்றுக்குச் சுற்று ஒரே அளவு ஏறும்படி சுற்றியிருந்தார்கள். எண்ணெயும் மரத்தூளும் அப்பி அருவருப்பாக இருந்தது. முதல் நாளே பிளேடை எடுத்துவிட்டேன், வெட்டி எறிவதற்கு. சோம்பலில் தள்ளிப்போட்டதால் தப்பியது. அழகுக்காக யாரும் அப்படிச் சுற்ற மாட்டார்கள். கை வலித்திருக்கிறது.

வலி மட்டுமல்ல. ரப்பர் தாங்கிகள் இல்லாத பழைய ரம்பங்களின் அதிர்வு நேராக எலும்புக்குப் போகும். வருடக்கணக்கில் பிடித்தவர்களுக்கு விரல்களில் ரத்த ஓட்டம் கெட்டு, குளிர் பட்டால் விரல் வெளுத்து மரத்துப்போகும். ஜப்பானில் காட்டுவேலைக்காரர்களிடம் இது பரவியபோது அதற்கு ஹகுரோ-பியோ, வெள்ளை மெழுகு நோய் என்று பெயர் வந்தது. கைப்பிடியையும் எஞ்சினையும் ரப்பர் வைத்துப் பிரிக்கும் அமைப்பு 1960களில்தான் வரத் தொடங்கியது. அது இல்லாத மெஷினுக்கு ஒரு வேலைக்காரர் தானே செய்துகொண்ட பரிகாரம் அந்த சைக்கிள் டியூப். மெக்னீசியம் பாடியைப் பஃப் அடித்து (அந்தத் தூள் தீப்பிடிக்கும், அது வேறு கதை), ஷோரூம் நிறத்தில் பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர்வரை அச்செடுத்து ஒட்டி, 'அப்படியே அன்று மாதிரி' என்று மார்தட்டும்போது, அன்று அதைப் பிடித்திருந்த கையின் தடயம் முதலில் போகிறது. வளையாத பாடி ஒன்றில், தேயாத எஞ்சின் இன்னொன்றில் என்று ஒரு மெஷினைக் கரையேற்ற மூன்று மெஷினைப் பிரித்து மேய்வதும் சகஜம். மிச்சம் எங்கே போகிறது என்று படம் போடுபவர்கள் குறைவு.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. புதுப்பித்த மெஷினை எடுத்துக்கொண்டு நேராக மரத்துக்குப் போவது. பாரின் நுனியில் மேல்கால் பகுதி எதிலாவது முட்டினால், செயின் வெட்டுவதற்குப் பதில் உந்தித் தள்ளும். பார் முகத்தை நோக்கி எகிறும். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. செயினை அந்த நொடியில் நிறுத்தும் பிரேக் 1970களில்தான் ரம்பங்களில் பரவியது. அதற்கு முந்தைய மெஷினில் அது இல்லை. பின்னால் மாட்டுவதற்கு இடமும் இல்லை. எவ்வளவு நேர்த்தியாகப் புதுப்பிக்கிறோமோ அவ்வளவு நேர்த்தியாக அந்த ஆபத்தையும் திரும்பக் கொண்டுவருகிறோம். 'அந்தக் காலத்து இரும்பு' என்று பெருமைப்படுகிறவர்கள் அந்தக் காலத்துத் தழும்புகளைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆயில் எஞ்சினில் இந்தச் சிக்கல் இல்லை. இங்கிலாந்தின் டர்ஸ்லியில் லிஸ்டர் கம்பெனி 1929 வாக்கில் தொடங்கிய சிஎஸ் வகை, நிமிடத்துக்கு 650 சுற்று வாக்கில்தான் ஓடும். ராஜ்கோட்டில் அதைப் பார்த்துச் செய்த எஞ்சின்கள் நம் கிணற்றுமேட்டில் டுக் டுக்கென்று தண்ணீர் இறைத்தன. தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்ததும் ஓரங்கட்டப்பட்டன. அதே ராஜ்கோட் எஞ்சின்களை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆர்வலர்கள் இறக்குமதி செய்து, முதல் வேலையாக அக்கக்காகப் பிரித்து, உள்ளே தங்கியிருந்த வார்ப்பு மணலைக் கழுவிவிட்டு ஓட்டினார்கள். தரையில் போல்ட் போட்டு நிறுத்திய எஞ்சின் யார் முகத்தையும் நோக்கி எகிறாது. பெல்ட்டுக்கு ஒரு கூண்டு போட்டுவிட்டால் நாள் முழுக்க வேலை வாங்கலாம். ஆகவே 'பழைய எஞ்சின்' என்று மொத்தமாகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு வராது. கையில் பிடிக்கிறோமா, தரையில் நிறுத்துகிறோமா என்பதே என் முதல் கேள்வி.

தேவை வந்தால் இந்தக் கேள்வியெல்லாம் நிற்காது என்பதும் தெரியும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பெட்ரோலைச் சொட்டுக் கணக்கில் கார்புரேட்டருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மோட்டார் சைக்கிள், பழைய ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் கார் எல்லாம் அப்படித்தான் ஓடின. எஞ்சின் கெடும், புகை கண்ணைக் கரிக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் போய்ச் சேர்ந்தார். பழுதுபார்ப்பின் மிக உயர்ந்த நிலை அதுதான் என்று நினைக்கிறேன். என்னுடையது ஓய்வு நேர விளையாட்டு. அதற்கு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

பழையதை ஓட்டுவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பேச்சையும் அதே தராசில் வைக்க வேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக்கில், ஊற்றும் பெட்ரோலில் கால் பங்குக்கு மேல்கூட எரியாமலே புகைத்துளை வழியாகப் போய்விடும். வருடத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒன்றும் குடிமுழுகாது. புது மெஷின் செய்ய ஆகும் உலோகமும் மின்சாரமும் மிச்சம் என்ற வாதம் அப்போது நிற்கும். தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் நிற்காது. கலிபோர்னியாவில் 2024 முதல் புதிதாகச் செய்து விற்கும் பெரும்பாலான சின்ன பெட்ரோல் எஞ்சின்களுக்குக் கதவைச் சாத்தியபோதும், ஏற்கெனவே கையில் இருப்பவற்றை விட்டுவிட்டார்கள். இங்கே வேறொரு தொல்லை: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் டயாஃப்ரத்துக்கு ஆகாது. ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, நிற்கும்வரை ஓடவிடுவதைத் தவிர வழியில்லை. பெட்ரோலில் ஆயில் எவ்வளவு என்ற சண்டை தனி. அந்தக் காலக் கையேடுகள் 16க்கு 1 என்றன, அன்றைய ஆயிலின் தரம் அப்படி. இன்று 50க்கு 1 என்கிறார்கள். நான் லிட்டருக்கு 30 மில்லி ஊற்றுகிறேன்; இரண்டு கட்சிக்காரர்களும் என்னைத் திட்டுகிறார்கள்.

என் மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது. பாடியைக் கழுவியதோடு சரி, பெயிண்ட் அடிக்கவில்லை. சைக்கிள் டியூப் அப்படியே இருக்கிறது. செயினை மட்டும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். போன மழையில் பக்கத்துத் தோட்டத்து மாமாவின் வேம்பு சாய்ந்தது. வந்து நின்றார்.

"அந்தப் பெருசக் குடு மாப்ள."

"அது வேணாம் மாமா, பிரேக் இல்ல. இந்தப் புதுச எடுத்துட்டுப் போங்க."

"ஓடுதுல்ல?"

"ஓடுது."

"அப்புறம் என்ன?"

முணுமுணுத்துக்கொண்டே புது மெஷினை எடுத்துப் போனார். அது இரண்டாம் நாள் மதியம் நின்றது. நானும் அவரும் வேம்படியில் உட்கார்ந்து பிரித்தோம். பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. பாயிண்ட் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு ரெசின் ஊற்றி அடைத்த ஒரு சின்னப் பெட்டி. தேய்க்கவோ திறக்கவோ அதில் ஒன்றுமில்லை. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம், ஆணியில் தொங்கிய செயினைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நான் எழுந்து போய், அப்பா காலத்து இழுப்பு ரம்பத்தை எடுத்து வந்தேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார்.