கேப்ரிலிக் அமிலம்: எந்த டப்பாவை வாங்கலாம்?

பூஞ்சையை எதிர்க்கும் கொழுப்பு அமிலம் என்று ஆன்லைனில் தேடினால் முதலில் வருவது கேப்ரிலிக் அமிலம். தேங்காய் எண்ணெயிலும் செம்பனைப் பருப்பு எண்ணெயிலும் இருக்கிற, எட்டுக் கார்பன் கொண்ட சிறிய அமிலம். டப்பாக்களின் முகப்பு எல்லாம் ஒரே மாதிரிதான்: 600 மில்லிகிராம், 1000 மில்லிகிராம், பக்கத்தில் ஒரு தேங்காய்ப் படம். உள்ளே இருப்பதோ மூன்று வகைச் சரக்கு. ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கிப் பிரித்துப் பார்த்தேன்.

சாஃப்ட்ஜெல்லை ஊசியால் குத்தியதும் ஆட்டுக்கிடாய் வாடை அறை முழுக்கப் பரவியது. முகம் சுளிக்க வேண்டாம், அதுதான் நல்ல அடையாளம். தனி அமிலமாக இருந்தால் கேப்ரிலிக் இப்படித்தான் நாறும். சமையல் சோடா கரைத்த வெந்நீரில் சில சொட்டு விட்டுக் கலக்கினால் மெல்ல நுரைத்துச் சோப்பாக மாறும். இரண்டாவது வகை எம்.சி.டி. எண்ணெய், அதாவது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு. அதையும் அதேபோல விட்டேன். வாடையும் இல்லை, நுரையும் இல்லை, எண்ணெய் அப்படியே மிதந்தது. காரணம், அதில் அமிலம் கிளிசராலோடு பிணைந்து கிடக்கிறது. வயிற்றிலும் சிறுகுடலிலும் நொதிகள் அதைப் பிரித்துவிடும், பிரிந்த அமிலமோ சீக்கிரமே உறிஞ்சப்பட்டு நேராகக் கல்லீரலுக்குப் போய்விடும். உடனடிச் சக்திக்கு அது நல்ல எண்ணெய். பெருங்குடல் வரை போய்ப் பூஞ்சையோடு மல்லுக்கட்டும் என்று எதிர்பார்ப்பது வீண். இதே காரணத்தால்தான் தேங்காய் எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் கேப்ரிலிக்கின் பங்கு நூற்றுக்குப் பத்துக்கும் கீழேதான், அதுவும் பிணைந்த நிலையில்.

மூன்றாவது, கால்சியம், மெக்னீசியம் உப்பாக வரும் மாத்திரை. இங்கேதான் லேபிளை ஊன்றிப் படிக்க வேண்டும். "கால்சியம் கேப்ரிலேட் 1000 மில்லிகிராம்" என்றால் அதில் அமிலம் சுமார் 880 மில்லிகிராம்தான், மிச்சம் கால்சியம். மெக்னீசியம் உப்பு என்றால் சுமார் 930. நேர்மையான கம்பெனி உப்பின் எடையையும் அமிலத்தின் எடையையும் தனித்தனியே போடும். மாத்திரையாக இருக்கும்போது வாடை குறைவு, ஏப்பத்தில் கிடாய் நாற்றம் வராது என்பது பெரிய நிம்மதி. ஆனால் பொடித்து வினிகரில் போட்டதும் அந்தப் பழைய வாடை கிளம்பியது. வயிற்று அமிலம் வினிகரைவிடக் கடுமையானது, அங்கே உப்பு உடைந்து அமிலம் வெளியே வந்துவிடும். ஆகவே "மெதுவாகக் கரையும்" என்ற வாசகம் மட்டும் போதாது. குடலில் மட்டுமே கரையும் பூச்சு உண்டு என்று லேபிளில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பூச்சுள்ள மாத்திரைக்குத்தான் என் ஓட்டு.

பூஞ்சையை எதிர்க்கும் இன்னொரு கொழுப்பு அமிலமான அன்டெசிலினிக் அமிலமும் கேப்சூலாகக் கிடைக்கிறது. ஆமணக்கெண்ணெயைக் கடும் சூட்டில் சிதைத்து எடுப்பது அது, வெறும் விளக்கெண்ணெய் குடித்தால் கிடைக்காது. தோலில் பூசுவதற்கு இதற்கு உறுதியான இடம் உண்டு: கால்விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு 10 முதல் 25 சதவீதம் வரை உள்ள களிம்பு, பவுடர்களை அமெரிக்க எஃப்.டி.ஏ. மருந்துச் சீட்டு இல்லாமலே விற்க அனுமதிக்கிறது. விழுங்குவதற்கு அப்படி ஒரு பின்பலம் கிடையாது.

கேப்ரிலிக்குக்கும் இதே நிலைதான். ஆய்வகத் தட்டில் அது கேண்டிடா என்ற பூஞ்சையின் செல் சவ்வைக் குலைத்துக் கொல்கிறது. விழுங்கிய மாத்திரை மனிதரின் தொற்றைக் குணமாக்கும் என்று சொல்லும் அளவுக்கு வலுவான மருத்துவப் பரிசோதனைகள் இல்லை. இந்தியாவில் இவை உணவுப் பிரிவில்தான் விற்கப்படுகின்றன, அதனால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற ஆங்கில எச்சரிக்கையும் டப்பாவில் இருக்க வேண்டும். அந்த எச்சரிக்கையை மறைத்துவிட்டு "பூஞ்சைத் தொற்று தீரும்" என்று அச்சடித்த டப்பாவைத் தொடாதீர்கள். பேட்ச் எண்ணைச் சொன்னால் அந்தத் தொகுதியின் பரிசோதனை அறிக்கையை அனுப்பும் கம்பெனிக்கு மட்டும் காசு கொடுங்கள்.

வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டலும் வயிற்று எரிச்சலும் வரலாம், மெக்னீசியம் உப்பு சிலருக்கு வயிற்றுப்போக்கு தரும். கல்லீரல் நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் இதன் பக்கம் போகக் கூடாது.

படர்தாமரைக்கு இந்த டப்பா வேண்டவே வேண்டாம். டெர்பினாஃபின் மருந்துக்கே கட்டுப்படாத படர்தாமரை இன்று இந்தியாவில் பரவிக் கிடக்கிறது, கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை இன்னும் முற்றவைக்கிறது. தோல் டாக்டரிடம் போனால் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு மருந்து தருவார். வாயிலோ பிறப்புறுப்பிலோ கேண்டிடா திரும்பத் திரும்ப வருகிறவர்கள் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.