கல்விக் கணக்கும் அதனைக் கற்கும் முறையும்

சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25ஆம் நாள் ஒரு குறிப்பு வரைந்தார். நிலத்தை அளந்தோம், விளைவை ஆராய்ந்தோம்; மக்களின் கல்விநிலையை மட்டும் எழுதிவைத்திலோம் என்பது அதன் கருத்து. கலெக்டர்கள் விடுத்த விடைகளைத் திரட்டி, 1826 மார்ச்சு 10ஆம் நாள் அவர் முடிவு கூறினார்: பள்ளிகள் 12,498, மாணாக்கர் 1,88,650, மக்கள் 1,28,50,941. ஏறக்குறைய ஆயிரவர்க்கு ஒரு பள்ளி.

இக்கணக்கைப்பற்றி அறிஞர் இருதிறத்தாராயினர். 1931இல் காந்தியடிகள் இலண்டனில், ஆங்கிலர் வருமுன் இந்நாட்டிலிருந்த கல்வி என்னும் அழகிய மரம் அழிந்தது என்றார். சர் பிலிப் ஹார்ட்டாக் அதனை மறுத்து, 1939இல் வெளியான தம் நூலில் பழைய கணக்குகளை ஐயுற்றார். தரம்பால் 1983இல் 'அழகிய மரம்' என்னும் ஆங்கில நூலில் கலெக்டர்களின் அறிக்கைகளையே அச்சிட்டார். மூலத்தைக் கற்போர் கையில் தந்த இச்செயல் பெரிதும் போற்றற்பாலது. எனினும், அதனைக் கைக்கொண்டு பேசுவோர் பலர் மூலத்தை முற்றும் ஓதுகின்றிலர்.

ஒரு சான்று காண்போம். பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823 ஆகஸ்டில் எழுதிய அறிக்கையில், மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும், மணலில் எழுதிப் பழகும் சிக்கனத்தையும் புகழ்ந்தார். பழமையைப் போற்றுவோர் இதனை எடுத்தோதுவர். அவரே, மாணாக்கர் செய்யுளைப் பொருளறியாது நெட்டுருச் செய்தனர் என்றும் எழுதினார். பழமையை இகழ்வோர் இதனை எடுத்தோதுவர். ஏறக்குறையப் பத்து நூறாயிரவர் வாழ்ந்த அம்மாவட்டத்தில் ஏழாயிரவரும் பள்ளியிலில்லை என்றும், முன்பு பள்ளியிருந்த ஊர்கள் பலவற்றில் இப்போது ஒன்றுமில்லை என்றும், அதற்குக் குடிகளின் வறுமை ஒரு காரணம் என்றும் அவர் கூறியதோ இரு திறத்தார்க்கும் நினைவூட்டத் தக்கது. ஒருவர் உரையிற் பாதியைக் கொள்வதும் பாதியைத் தள்ளுவதும் அளவை நெறிக்கு அடாது.

நிற்க. சென்னை நகரில் பள்ளியிற் கற்றோர் 5,523 பேர் என்றும், வீட்டிற் கற்றோர் 26,963 பேர் என்றும் கணக்கு வந்தது. பின்னைய எண்ணிற் பிழையிருத்தல் கூடும் என்று மன்றோவே குறித்தார். கணக்கெடுப்பித்தவர் ஐயுற்ற எண்ணை ஐயமற்றதாக நாம் வழங்குதல் எங்ஙனம்? அன்றியும், கன்னட மாவட்டக் கணக்கு வரவேயில்லை.

தமிழ் மாவட்டங்களிற் பள்ளி சென்றோருட் பெரும்பாலார் பிராமணரல்லாதார் என்பது இவ்வேடுகளால் நன்கு விளங்கும். கல்வி ஒரு குலத்தார்க்கே உரியதாயிருந்தது என்னும் கூற்று இதனால் வீழ்ந்தது. ஆயினும் பெண்மக்கள் மிகச் சிலரே பயின்றனர். 'ஏனைய சாதியார்' என ஒரே பத்தியில் அடைக்கப்பட்டோருள் யாவர் உள்ளே அமர்ந்தனர், யாவர் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர் என்பதை அப்பத்தி சொல்லாது. சொல்லாததைச் சொன்னதாகக் கொண்டு நம் முன்னோர்க்குப் புகழ் தேடின், பள்ளியின் புறத்தே நின்ற பிள்ளையை இரண்டாம் முறையும் புறத்தே நிறுத்தியவராவோம்.

ஆதலின், அன்பர்கள் தரம்பால் நூலைக் கற்புழி அதன் முன்னுரையளவில் நில்லாது, பின்னுள்ள அறிக்கைகளை மாவட்டம் மாவட்டமாக ஓதுவாராக. அழிந்தது இன்னது, என்றுமே இல்லாதிருந்தது இன்னது எனப் பகுத்துணர அஃதொன்றே வழி.