ஒரு தேதி, இரண்டு பதிவுகள்

சட்டமன்ற ஆவணங்களையும் ஒரு பிரதியாகப் பெண்கள் வாசிக்க வேண்டும். யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார், யார் விடுபடுகிறார் என்று பார்க்க வேண்டும். 1989 மார்ச் 25 என்ற தேதியை எடுத்துக்கொள்வோம்.

அன்று தமிழகச் சட்டப்பேரவையில் முதல்வர் மு. கருணாநிதி நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்கையில் அமளி மூண்டது. பேரவையின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரான ஜெயலலிதா, தாம் தாக்கப்பட்டதாகவும் தம் சேலை இழுக்கப்பட்டதாகவும் சொன்னார். ஆளுங்கட்சியினர் மறுத்தனர். இன்றும் அந்த நாளைப் பற்றிய பேச்சு இந்த வழக்கோடு நின்றுவிடுகிறது.

அதே தேதி இன்னோர் ஆவணத்திலும் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தம் 1990-ஆம் ஆண்டின் முதல் சட்டமாக வெளிவந்தது, முன்தேதியிட்டு, 25.3.1989 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்றது அது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. 1931-இல் அந்த இயக்கத்தின் மாநாடு நம் விருதுநகரிலேயே கூடியது. அறுபது ஆண்டுக் கோரிக்கைக்குக் கிடைத்த பதில் என்பதால், இந்தச் சட்டத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் அதில் ஒரு விலக்கு உண்டு. அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகளுக்கு இந்தப் பங்கு இல்லை. மகனிடம் சட்டம் கல்யாணத் தேதி கேட்கவில்லை. மகளுக்குப் பிறப்பால் வந்த உரிமை, தாலி ஏறியதும் போய்விட்டதாக அது எடுத்துக்கொண்டது.

சிவகாசி, சாத்தூர் கரிசலில் இதை வைத்துப் பாருங்கள். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கி, அந்தக் கூலியில் தம்பியைப் படிக்கவைத்து, தங்கைக்கு நகை சேர்த்த அக்காளுக்கு அந்த ஆண்டு தை மாதம் கல்யாணம் நடந்திருந்தால் பங்கில்லை. வைகாசியில் கல்யாணமான தங்கைக்கு உண்டு. குடும்பத்தின் மானாவாரிக் காடு பட்டாசு ஆலைக்கு விலைபோகும்போது தங்கையிடமாவது விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அக்காளிடம் அதற்கும் அவசியமில்லை.

மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் இந்த வேறுபாட்டை நீக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. என்றாலும் 2004 டிசம்பர் 20-க்கு முன் சட்டப்படி முடிந்த பாகப்பிரிவினையும் விற்பனையும் செல்லும். இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் கைமாறிய நிலம் அக்காளுக்குத் திரும்பாது.

பேரவையில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்டதைப் பற்றி இரு கட்சிகளும் இன்னும் வாதிடுகின்றன. வாதிட வேண்டியதுதான். ஆனால் இந்த விலக்கால் பங்கிழந்த பெண்களுக்காக எந்தக் கட்சி மேடையில் வழக்கு நடக்கிறது? சேலை இழுக்கப்பட்டதா என்று கேட்கும் அரசியல், பெயர் விடுபட்ட பத்திரத்தையும் பெண் மீதான வன்முறையாகப் படிக்கப் பழக வேண்டும்.

மாணவிகள் தம் அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் கல்யாண ஆண்டைக் கேட்கலாம். பிறகு வீட்டிலுள்ள பத்திரங்களை எடுத்து, யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கலாம்.